வடை ‘வைட’ ஆன கதை: ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் வாசிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

ஜூலையில் மழை பிடித்தால் எங்கள் பக்கம் காலை பத்து மணிக்கே விளக்கு வைக்கிற நேரம் மாதிரி ஆகிவிடும். பள்ளியைச் சுற்றி மூன்று பக்கமும் ரப்பர் மரங்கள். 2022 ஜூலையில் அப்படி ஒரு நாள் கரண்டும் போய்விட்டது. மேசையில் விரித்து வைத்திருந்த வருகைப் பதிவேட்டில் பெயர்கள் எனக்கே தெரியவில்லை. கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து, தடங்கலே இல்லாமல் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. இந்த இருட்டில் இவனுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

அவன் பெயர் இங்கே வேண்டாம். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு அப்பால், தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னப் பள்ளி, அதில் நான் ஆசிரியை, அவன் மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. இது போதும். அந்தக் கல்வியாண்டு முழுக்க அவனுக்காக ஒரு தனி நோட்டு வைத்திருந்தேன். இந்த ஆய்வு அந்த நோட்டிலிருந்து எழுதுவது. சரியாகச் செய்ததோடு, நான் சறுக்கிய இடங்களையும் எழுதுகிறேன். அவைதான் இன்னொரு டீச்சருக்கு உதவும் என்று தோன்றுகிறது.

பின்னணி

அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுத் தொழிலாளிகள். ரப்பர் பால் விடியும் முன்பு வெட்டினால்தான் நன்றாக ஓடும். அதனால் நாலு மணிக்கெல்லாம் அப்பா தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார், பின்னாலேயே அம்மாவும் போவார். சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, உறை ஊற்றி, ஷீட் அடித்து முடிக்க மதியம் ஆகிவிடும். பையனை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புவது பாட்டி. சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுப்பது ஏழாம் வகுப்பு படிக்கிற அக்கா. இந்த அக்காவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020-இல். கொரோனாவால் அந்த ஆண்டு அவன் வகுப்பறையையே பார்க்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, உண்மைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை டிவியைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொள்ளும் என்று அப்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தது. இரண்டு வாரத்துக்குள் நம் மாவட்டத்தையே முக்கியெடுத்த அந்த மழை வந்தது. ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். கூட்டிப் பார்த்தால், மூன்றாம் வகுப்புக்கு வரும் முன் அவன் வகுப்பறையில் உட்கார்ந்தது ஆறு மாதம்கூட வராது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வாசிக்கத் தெரியாத பிள்ளையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் எழுத்தறிவு விகிதம் 91.75. தமிழ்நாட்டிலேயே முதலிடம். அந்தக் கணக்கில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் உண்டு, வீட்டுக்கு வருகிறவர் யாரையும் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. நம் பையன் வீட்டுக்கு 2022-இல் யாராவது கணக்கெடுக்க வந்திருந்தால், “அவன் நல்லா வாசிப்பான்லா” என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருப்பார். பொய்யே இல்லை. அவர் காதால் கேட்டது அதுதான்.

என் முதல் தவறு

2022 ஜூனில்தான் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஆரம்பமானது. ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்க வேண்டியிருந்தது. நல்ல யோசனை. பிரிக்கிறவர் கண் திறந்து பிரித்தால்.

நான் அவனை மொட்டில் வைத்தேன். ‘கை, பை, மை, தேன், கொடி’ என்று அட்டையில் எழுதிக் காட்டினேன், எல்லாம் சரியாகச் சொன்னான். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுத்தேன், சரளமாக ஒப்பித்தான். ஒப்பித்தான் என்ற சொல்லை இப்போது எழுதுகிறேன், அன்று நோட்டில் ‘வாசித்தான்’ என்றுதான் எழுதி வைத்தேன். தினமும் சாயங்காலம் அக்கா சத்தமாக வாசிக்க, இவன் கூடவே சொல்லிச் சொல்லி, பாடம் முழுவதும் காது வழியாக ஏறியிருந்தது. எந்த வரியில் விரலை அடுத்த வரிக்கு இறக்க வேண்டும் என்பது உட்பட.

கரண்ட் போன நாளுக்கு மறுநாள், அவன் பார்த்தே இராத நாலு வரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் அவனுக்குத் தெரிந்த சொற்கள்தான். முதல் வரியில் ‘மழை’ இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், “மைழ” என்றான். என்னை நிமிர்ந்து பார்த்தான். தப்பு என்று தெரிகிற பார்வை இல்லை அது. அடுத்ததற்குப் போகலாமா என்கிற பார்வை.

எங்கே அறுந்தது

அடுத்த ஒரு வாரம் பாடம் எதுவும் நடத்தாமல், தினமும் கால் மணி நேரம் அவனைச் சோதித்துப் பார்த்தேன். கண்ணும் காதும் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்து, கோளாறு இல்லை என்று சொல்லியிருந்தது. அதை முதலில் உறுதி செய்துகொள்ளாமல் வேறு எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

முதலில் ஒரு கதை சொன்னேன். தோட்டத்தில் பன்றி வந்து மரச்சீனிக் கிழங்கைத் தோண்டிப்போட்ட கதை. நடுநடுவே கேள்வி கேட்டேன். கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னான். பன்றி ஏன் ராத்திரியில் வருகிறது, வேலி எந்த இடத்தில் பிரிந்திருக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தான். அப்புறம் ஒலி விளையாட்டு. ‘மரம்’ என்பதில் ‘ம’வை எடுத்துவிட்டால் என்ன? ‘ரம்’. ‘பட்டம்’ போல முடியும் சொல் சொல்லு? சட்டம், கட்டம், வட்டம் என்று அடுக்கினான். காதில் குறை இல்லை, மொழியில் குறை இல்லை.

காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் சொன்ன ஓர் எளிய சூத்திரம் உண்டு: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது, எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும் காதால் கேட்டு விளங்கிக்கொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டுவது இல்லை, பெருக்குவது. ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். இவனுக்கு இரண்டாவது நிரம்பி வழிந்தது, முதலாவதில்தான் பள்ளம். அதே வகுப்பில் இதற்கு நேர் எதிராக ஒரு பெண்பிள்ளையும் இருந்தாள். மணிமணியாக வாசிப்பாள், என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் செய்தால் இரண்டு பேருமே கெடுவார்கள்.

எழுத்து அட்டையைக் காட்டியபோது ஒரு வேடிக்கை நடந்தது. ‘ப’ எழுத்துக்குப் பக்கத்தில் பலாப்பழப் படம் போட்டிருந்தது. விரலை வைத்துக்கொண்டு, “ச” என்றான். எனக்குச் சுருக்கென்றது, ‘ப’ கூடவா தெரியாது என்று. “படத்துல என்ன மக்கா?” என்று கேட்டேன். “சக்க.” சரிதானே? எங்கள் ஊரில் பலாவை யார் பலா என்கிறார்கள்? அவன் எழுத்தைப் பார்க்கவே இல்லை, படத்தின் பெயரில் முதல் ஒலியைச் சொல்லியிருக்கிறான். படத்தை மறைத்துவிட்டுக் கேட்டேன், ‘ப’ என்று உடனே சொன்னான். அன்றிலிருந்து சோதிக்கும்போது படம் கிடையாது.

தனி எழுத்துகளில் பெரும்பாலானவை தெரிந்திருந்தன. ர-வும் துணைக்காலும் அடிக்கடி குழம்பின. ‘மரம்’ சில நேரம் ‘மாம்’ ஆனது. ஆனால் உண்மையான பள்ளம் வேறு இடத்தில் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது அர்த்தமில்லாத சொற்கள். ‘பொகி, நைடு, லபை, தமேசு’ என்று பத்து எழுதினேன். அர்த்தம் இல்லாத சொல்லை மனப்பாடம் செய்திருக்க முடியாது, ஊகிக்கவும் முடியாது. ‘பொகி’ சரி. ‘நைடு’ சரி. ‘லபை’யை ‘லைப’ என்றான். ‘தமேசு’ அவனுக்குத் ‘தேமசு’.

நோட்டில் அந்த நாலையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். கொம்பு சொல்லின் முதலில் வந்தால் தவறுவதே இல்லை, நடுவில் வந்தால் தவறுகிறது. ஏன் என்பதற்கு ‘வடை’ என்ற சொல்லை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பேனா முதலில் வ எழுதும், அப்புறம் இணைக்கொம்பு, அப்புறம் ட. காதில் கேட்கும் வரிசை ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வரிசை இன்னொன்று. கொம்பு தனக்கு வலப்பக்கம் இருக்கிற எழுத்தைச் சேர்ந்தது என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அவன் அதை இடப்பக்கத்து எழுத்தோடு சேர்த்துவிட்டான். துணைக்காலும் அப்படித்தானே, முன்னால் இருக்கிற எழுத்தோடுதானே சேரும்? அவனுடைய விதி தப்பான விதி, ஆனால் விதி இல்லாமல் அவன் வாசிக்கவில்லை. சொல்லின் முதலில் இடப்பக்கம் எழுத்தே இல்லாததால் ‘கை, பை, தேன்’ எல்லாம் தானாகவே சரியாகிவிட்டன. ஜூனில் நான் காட்டிய அட்டைகளில் ஒன்றுகூட நடுக்கொம்பு உள்ள சொல் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். நாம் பேசும்போது வடையை ‘வட’ என்கிறோம். தலை ‘தல’, மழை ‘மழ’. கை, பை போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர, சொல் கடைசியில் வருகிற ஐகாரத்தை அந்தப் பிள்ளை பேச்சில் கேட்டதே இல்லை. ‘வைட’ என்று வாசிக்கும்போது, நமக்குத் தெரிந்த சொல் மாதிரி இல்லையே என்று காது எச்சரிக்க வேண்டும். ஆனால் ‘வடை’ என்று திருத்தினாலும் அது அவன் காதுக்குப் புதுச் சொல்தான். ‘சிரட்டை’ இன்னும் மோசம். கொம்புக்கு இடப்பக்கம் புள்ளி வைத்த ‘ட்’ இருப்பதால் அதோடு சேர்க்க முடியாமல், கொம்பையே விட்டுவிட்டு, ‘செரட்ட’ என்று வாசித்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். அதைப் பேச்சுவழக்கு என்று நினைத்து நான் சரி போட்டிருந்தேன். தவறு ஊர்ப் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு எழுத்துக்கு இவ்வளவா என்று கேட்கலாம். தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபே ஐ. மரத்தை வெட்டினான், பாலை ஊற்றினான், என்னைப் பார்த்தான். எந்தப் பாடத்தை எடுத்தாலும் இரண்டு வரிக்கு ஒரு முறையாவது அந்தக் கொம்பு நடுவில் வந்து நிற்கும். இப்படி வரிக்கு வரி இடறுகிற பிள்ளை எவ்வளவு நாளைக்குக் கண்ணை நம்பும்? காதை நம்பிவிட்டது.

பாட்டியிடம் இதைச் சொன்னபோது உள்ளே போய் ஒரு பழைய ஜெபப் பாட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதில் லை, ளை, ணை, னை எல்லாம் எழுத்தோடு ஒட்டிய யானைத் துதிக்கை வடிவம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் அவை போய், எல்லாவற்றுக்கும் ஒரே கொம்பு வந்தது. பெரியார் முன்வைத்த மாற்றம், அச்சுக்கும் தட்டச்சுக்கும் பெரிய விடுதலை, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் பாட்டி காட்டிய ‘தலை’யில் துதிக்கை ல-வோடு ஒட்டிக் கிடந்தது. அதைத் ‘தைல’ என்று யாராலும் வாசிக்க முடியாது.

என்ன செய்தோம்

அப்பாவும் அம்மாவும் வீட்டில் இல்லாததால் அவன் பள்ளிக்கு எட்டே காலுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன். தினமும் இருபது நிமிடம். வாரத்தில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது பல மடங்கு மேல் என்பது என் அனுபவம்.

முதல் வாரமே பிள்ளைகள் அதற்கு ‘மக்கு கிளாஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் அவன் தாமதமாக வந்தான். என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் வகுப்பறைச் சாவியை அவன் கையில் கொடுத்து, “நீ வந்து திறந்து வை” என்றேன், நான் வர இரண்டு நிமிடம் தாமதமாகும் என்பதால்தான். வேறு திட்டம் எதுவும் இல்லை. ஆனால் சாவிக்கு இருக்கிற மதிப்பு எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு வாரத்தில் அது ‘சாவி கிளாஸ்’ ஆகி, இன்னும் இரண்டு பேர் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றார்கள்.

247 எழுத்தையும் அட்டவணைப்படி மறுபடி ஆரம்பிக்கவில்லை. 247 என்பது பயமுறுத்துகிற எண்ணே தவிர, கற்க வேண்டிய வடிவங்கள் அவ்வளவு இல்லை. உயிர் 12, அகர வரிசை 18, ஆய்தம், புள்ளி, ஒன்பது குறிகள். உகர, ஊகார வரிசைகள் மட்டும் ஒழுங்குக்கு வராதவை. கு, சு, து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தெரியும். அந்த 36-ஐயும் தனித்தனியாகத்தான் பழக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தாலும் எண்பதுக்குள் அடங்கிவிடும். இவனுக்கு அதிலும் பெரும்பங்கு ஏற்கெனவே கையில் இருந்தது. அறுந்த இடத்தை மட்டும் முடிச்சுப் போட்டால் போதும்.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில், கொம்பும் அடுத்த எழுத்தும் சேர்ந்து தெரிகிற அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினேன். சொல்லின் மேல் அதை வைத்து நகர்த்தினால் முதலில் ‘வ’ மட்டும் தெரியும், அடுத்து ‘டை’ மொத்தமாக. கொம்பு தனியாகத் தெரியவே தெரியாது. தாளில் எழுதும்போது கொம்புக்கும் எழுத்துக்கும் அடியில் ஒரு வளைவு போட்டேன், தொட்டில் மாதிரி. ‘தொட்டில்ல ரெண்டு பேரும் சேர்ந்துதான் கிடக்கணும்’ என்பது எங்களுக்குள் பேச்சு. இரண்டாம் வாரத்திலிருந்து தொட்டிலை அவனையே போடச் சொன்னேன். வாசிக்கும் முன்பு பென்சிலால் வரி முழுக்கத் தொட்டில் கட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பான்.

சுவரில் ஒட்டிய முதல் சொல் ‘பைய’. பைய வாசி, பைய போ என்று நாள் முழுக்க நாங்கள் சொல்கிற சொல். பாடப் புத்தகத்தில் இராது. அதனால் என்ன?

அப்புறம் என் இரண்டாவது தவறு. அவன் சொல்வதை அப்படியே எழுதி, அதையே வாசிக்க வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். பிள்ளையின் சொந்தப் பேச்சு, சொந்த அனுபவம், நல்ல முறைதான். அவன் சொன்னான்: அப்பா நாலு மணிக்குப் போவார். தலையில் லைட் கட்டுவார். கத்தியை எடுப்பார். நாய் பின்னாலே போகும். ஊர்ச் சொற்களை அப்படியே விட்டு, விகுதிகளை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றி எழுதினேன். மறுநாள் ஒரு பிழை இல்லாமல் வாசித்தான். நானும் நோட்டில் பெரிதாக டிக் போட்டேன். மூன்றாம் நாள்தான் எனக்குப் புத்தி வந்தது. அவனே சொன்ன நாலு வரி அவனுக்கு மனப்பாடமாக இராதா? இருட்டில் ஒரு முறை ஏமாந்தவள் வெளிச்சத்திலும் ஏமாந்தேன்.

கத்தரிக்கோலை எடுத்து அந்த வரிகளைச் சொல் சொல்லாக வெட்டினேன். கலைத்துப் போட்டு, நடுவில் அவன் சொல்லாத சொற்கள் சிலவற்றையும் கலந்தேன். ‘தலை’ இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ‘தைலம்’ என்று ஒரு துண்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். “தை… ல… ம்.” நிறுத்தினான். “இது பாட்டி தேய்க்கியது.” அப்புறம் ‘தலை’யைக் கையில் எடுத்து, விரலால் அடியில் தொட்டில் வரைந்தான். “த… லை.” தலையைத் தொட்டுக் காட்டினான். அன்று ‘தலைக்குத் தைலம் தேய்’ என்று ஒரு வாக்கியம் கட்டி, அதைப் போர்டில் எழுதி, வருகிற பிள்ளைகளையெல்லாம் வாசிக்கச் சொல்லி வம்பு பண்ணிக்கொண்டிருந்தான். ஒரு நாலாம் வகுப்புப் பையனும் இடறினான். அதைப் பார்த்த சந்தோஷம் இருக்கிறதே.

செப்டம்பரிலிருந்து அக்காவையும் சேர்த்துக்கொண்டோம். அவளை ஒரு நாள் பள்ளிக்கு வரச் சொல்லி, வேலையை மாற்றிக் கொடுத்தேன். இனிமேல் நீ வாசிக்க வேண்டாம், அவன் வாசிக்கட்டும், நீ கேள். தடுமாறினால் சொல்லைச் சொல்லிக்கொடுக்காதே, ஐந்து எண்ணு, அப்புறமும் வராவிட்டால் அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டு. அவளுக்குக் கோபம். “அப்போ நான் இத்தனை நாள் சொல்லிக்குடுத்தது தப்பா டீச்சர்?” தப்பில்லை, அவன் காது இவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு நீதான் காரணம் என்றேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையே அதுதான்.

சொல்வதை எழுதுவது, ஒரே பத்தியை மூன்று நாள் வாசிப்பது, இவையெல்லாம் எல்லோரும் செய்வதுதான். நேரம் குறித்து நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுவதை இரண்டு நாளில் விட்டுவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தாலே பழைய ஒப்பிப்புக்குத் திரும்பினான். அதற்குப் பதில் நோட்டில் ஒன்றை மட்டும் எண்ணினேன்: தப்பாக வாசித்துவிட்டு, யாரும் சொல்லாமல் தானே திரும்பி வந்து திருத்திய தடவைகள். ஆகஸ்ட் முழுவதும் அந்த வரிசையில் பூஜ்யம்தான். அக்டோபர் நடுவில் முதல் கோடு விழுந்தது.

பின்னடைவு

நவம்பர் வரை ஏறிக்கொண்டிருந்தது டிசம்பரில் இறங்கியது. நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறைக்குப் பஞ்சமா? நவம்பர் 1 மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, அப்புறம் கிறிஸ்துமஸ், பொங்கல், சிவராத்திரி, மண்டைக்காட்டுக் கொடை. திருவிழாக்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நானும் போகிறவள்தான். ஆனால் புதிதாக ஒட்டிய பசை காய்வதற்குள் நாலு நாள், பத்து நாள் என்று இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நோட்டில் தேதி போட்டே காட்டலாம். இதற்கிடையில் எனக்கும் பயிற்சி வகுப்பு என்று மூன்று நாள் போனது. ரப்பர் இலை உதிரும் காலத்தில் பால்வெட்டு நின்றதும் குடும்பம் மொத்தமும் இரண்டு வாரம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. திரும்பி வந்தபோது ‘கதை’ மறுபடி ‘கைத’ ஆகியிருந்தது.

இந்த முறை பயப்படவில்லை. ஜன்னல் அட்டையை மறுபடி எடுத்தோம், நாலே நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டான். முதல் தடவை ஒரு மாதம் பிடித்த வேலை. மறந்தது வேறு, தெரியாதது வேறு என்று அப்போதுதான் எனக்கே தெளிவாயிற்று.

இது கற்றல் குறைபாடா?

சக ஆசிரியர் ஒருவர் ஆரம்பத்திலேயே “இவனுக்கு டிஸ்லெக்சியா இருக்கும், எழுதி அனுப்புங்க” என்றார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாட்டு வகைகளில், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாட்டை உள்ளடக்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பரிந்துரைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை, குறைபாடு உள்ள பிள்ளைக்கு அது கிடைக்கவேண்டிய உரிமை. ஆனால் ஆறு மாதம்கூட வகுப்பில் இராத பிள்ளையைப் பார்த்து, கற்கும் திறனில் குறை என்று எப்படிச் சொல்வது? முதலில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்போம், மூன்று மாதத்தில் அசைவே இல்லை என்றால் அனுப்புவோம் என்று தேதி குறித்து வைத்தேன். அக்டோபரில் அந்தத் தேதி வந்தபோது அசைவு நன்றாகவே தெரிந்தது, அனுப்பவில்லை. தேதி குறிக்காமல் ‘பார்க்கலாம் பார்க்கலாம்’ என்று தள்ளுவதுதான் ஆபத்து.

ஏனென்றால் மூன்றாம் வகுப்பு ஒரு விளிம்பு. அதுவரை வாசிக்கப் படிக்கிறோம், அதற்கு மேல் வாசித்துத்தான் எதையும் படிக்க வேண்டும். இவன் மனக்கணக்கில் புலி. எத்தனை ஷீட், கிலோ என்ன விலை என்று அப்பாவுக்கே சொல்லுவான். ஆனால் அதே கணக்கை வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் தாளை அப்படியே வைத்துவிடுவான். வாசிக்கிற பிள்ளை வாசித்து வாசித்து இன்னும் சொல் சேர்க்கும், வாசிக்காத பிள்ளை இருப்பதையும் இழக்கும். கீத் ஸ்டானோவிச் என்ற ஆய்வாளர் 1986-இல் இதற்கு ‘மத்தேயு விளைவு’ என்று பெயர் வைத்தார். மத்தேயு நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த எங்கள் ஊரில் இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. பாட்டியிடம் சொன்னதும், “உள்ளவனுக்குத்தான் குடுப்பாரு” என்று அவரே முடித்துவிட்டார்.

ஆண்டு முடிவில்

2023 ஏப்ரலில், அவன் பார்த்திராத ஒரு இரண்டாம் வகுப்பு அளவுக் கதையை வாசித்தான். மெதுவாகத்தான், விரல் வைத்துத்தான். என்ன நடந்தது என்று கேட்டதற்குச் சரியாகச் சொன்னான். மூன்றாம் வகுப்புப் பாடம் இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. எழுதும்போது ந, ன, ண மூன்றும் இடம் மாறும். ர, ற-வும் அப்படியே. நீண்ட வாக்கியத்தில் பாதி வழியில் மூச்சு வாங்குவான். நாலாம் வகுப்பு ஆசிரியரிடம் நோட்டைக் கொடுத்து, ஜன்னல் அட்டையையும் உள்ளே செருகிக் கொடுத்தேன்.

அந்த நோட்டில் என் கடைசிக் குறிப்பு பள்ளியில் எழுதியதில்லை. விடுமுறை தொடங்கிய பிறகு ஒரு நாள் குலசேகரம் பஸ் ஸ்டாண்டில் அவனையும் பாட்டியையும் பார்த்தேன். வந்து நின்ற பஸ்ஸின் போர்டைப் பார்த்து, “கைட…” என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். ஆள்காட்டி விரலைக் காற்றில் நீட்டி, தூரத்தில் இருந்த போர்டுக்கு அடியில் ஒரு தொட்டில் வரைந்தான். “கடை… கடையாலுமூடு.” பாட்டி பையைத் தூக்கிக்கொண்டு, “நம்ம பஸ் இல்ல, பேசாம நில்லு” என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு கோடு போட்டேன்.